சுள்ளியின் பூட்டு

மேசைமேல் இரண்டு பூட்டுகள்தான் இருந்தன. மூன்று இருக்க வேண்டும்.

"அக்கா மாட்டிக்கிட்டாங்க," என்றான் ரேடியோ. "நாளைக்கு மூணு பையும் அக்கா தோள்ல. என் பைல ரெண்டு செங்கல்லும் வச்சு எடுத்துட்டு வரேன்."

மூவரும் லிப்ட் பழுது பார்ப்பவர்கள். கம்பெனி ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொடுத்திருந்தது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. லிப்டில் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்திச் சுவிட்சுப் பெட்டியைப் பூட்ட வேண்டும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். வேறு யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவர் நசுங்கிப் போவார். அதற்காக வந்த விதி.

சென்ற ஆண்டு ரேடியோ பூட்டைக் கழற்ற மறந்து மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டான். போனையும் அணைத்து வைத்திருந்தான். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று இரண்டு நாள் படியேறியது. அன்றிலிருந்து இந்த வழக்கம். வேலை முடிந்து இந்தச் சாப்பாட்டுக் கடைக்கு வந்ததும் முதலில் அவரவர் பூட்டு மேசைமேல் வர வேண்டும். பிறகுதான் தட்டு வரும். பூட்டை விட்டுவிட்டு வந்தவர் மறுநாள் மற்றவர்களின் கருவிப் பைகளையும் சுமக்க வேண்டும்.

"மறக்கல," என்றாள் சுள்ளி. "வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன்."

சுள்ளி என்பது அவள் உடம்புக்கு வைத்த பெயர். யாரும் நுழையாத சந்தில் நுழைந்து வேலை பார்ப்பாள். சட்டென்று பற்றிக்கொள்ளும் குணமும் இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது.

"வேணும்னா?" ரேடியோ வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினான். அவனுடைய பெயருக்கு விளக்கம் வேண்டாம். "இதுக்குச் சட்டத்துல எடம் இருக்கா அண்ணே?"

 அண்ணன் எதிரில் உட்கார்ந்து முட்டைக்கு மிளகுத்தூள் தூவிக்கொண்டிருந்தார். முட்டையின் ஓரம் வரை ஒரே அளவாகத் தூவினார். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் ஓடுவார் என்று அவருக்குச் சாவகாசம் எனப் பெயர்.

"எந்தக் கட்டடம்?" என்று கேட்டார்.

"பூங்காவுக்கு எதிர்ல. பன்னெண்டு மாடி."

மிளகுத்தூள் டப்பா அந்தரத்தில் நின்றது. பிறகு மேசைக்கு இறங்கியது.

மதியம் மூன்றரை. காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சாயங்காலம். கடையில் வேறு ஆளில்லை. ஆறு மேசை, ஒரு நீளமான கல்லா மேடை, பின்னால் கொதிக்கும் கெட்டில். கடைக்கார அக்கா தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "காலைத் தூக்குங்க," என்றாள். மூவரும் தூக்கினார்கள். சாவகாசத்தின் வலது கால் பாதிதான் எழுந்தது. அக்கா அந்தக் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

சுள்ளியின் போன் அதிர்ந்தது. பார்த்தாள். மேற்பார்வையாளர். ஐந்தாவது தடவை. குப்புறக் கவிழ்த்தாள்.

"எடுங்கக்கா," என்றான் ரேடியோ. "பாவம், பேச ஆள் இல்லாம தவிக்கிறார் மனுஷன்."

"நீயே எடுத்துப் பேசு. மூணு மணி நேரம் நிம்மதியா இருப்பேன்."

அவள் தட்டைத் தொடவில்லை. வறுத்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அவள் நினைப்பு பன்னிரண்டாம் மாடிக்கு மேலே, மோட்டார் அறையில் இருந்தது.

காலையில் அங்கே போயிருந்தாள். அது சாவகாசத்தின் கட்டடம். யாருக்கு எந்தக் கட்டடம் என்ற சுற்றுகளை இந்த வாரம் மேற்பார்வையாளர் மாற்றிப் போட்டதால் அவளுக்கு வந்தது. பன்னிரண்டாம் மாடியிலிருந்து மோட்டார் அறைக்கு ஒரு செங்குத்தான இரும்பு ஏணி. மேலே கதவைத் தள்ளியதும் சிலந்தி வலை முகத்தில் ஒட்டியது. தரையில் தூசி. தூசியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

லிப்டை மெதுவாக ஓடவிட்டு, அதைத் தாங்கி ஓடும் இரும்பு ரோப்பின் மேல் துணியை வைத்துப் பார்ப்பது வழக்கம். அறுந்த கம்பி இருந்தால் துணியை இழுக்கும். துணி இழுத்தது. மறுபடி இழுத்தது. நிறுத்திவிட்டு எண்ணினாள். கம்பெனிப் புத்தகத்தின்படி ஒரு முறுக்கு நீளத்தில், அதாவது ஒரு புரி ஒரு சுற்று வரும் தூரத்தில், பதினைந்து கம்பிக்கு மேல் அறுந்திருந்தால் ரோப்பை மாற்ற வேண்டும். ஒன்றில் முப்பது. இன்னொன்றில் இருபத்திரண்டு. புரிகளுக்கு நடுவில் சிவப்பாகத் துருப்பொடி. ஒரு மாதத்தில் வரும் தேய்மானம் இல்லை அது.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டைப் போட்டாள். கீழே வந்து காவலாளியின் மேசையிலிருந்த பராமரிப்பு ஏட்டைத் திறந்தாள். போன மாதப் பக்கத்தில் அவசரமே இல்லாத அழகான கையெழுத்து. "ஐந்து ரோப்களும் நன்று."

ஏட்டை மூடிவிட்டாள். பேனாவைத் திறக்கவே இல்லை. அலுவலகத்துக்கு மட்டும் போன் செய்து, லிப்ட் ஓடாது, ரோப் போய்விட்டது என்று சொன்னாள்.

சாவகாசம் இப்போது ரொட்டியை நான்காக வெட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை.

அவருடைய முட்டி போனது அவளால். அவர் அப்படிச் சொன்னதில்லை. மூன்று மாதம் முன் அவள் மகளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. இரண்டு வாரம் அவளுடைய ஒன்பது கட்டடங்களையும் தன்னுடையவற்றோடு சேர்த்து அவர்தான் பார்த்தார். இரண்டாவது வாரம் ஏதோ ஓர் ஏணியில் கால் பிசகியது. "வயசாகுது, அவ்வளவுதான்," என்றார். ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருந்தால் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

கதவு திறந்தது. மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. நேராக அவர்களின் மேசைக்கு வந்து ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ரேடியோ நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"போன் பண்ணினா எடுக்க மாட்டியாம்மா?"

"வேலை முடிஞ்சிருச்சு சார்."

"என்ன சாப்பிடுறீங்க?" என்று கடைக்கார அக்கா அங்கிருந்தே கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னா எதுக்கு நாற்காலி?" என்று அக்கா முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

மேற்பார்வையாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளங்கையை மேசைமேல் விரித்தார். "சாவி."

"எதுக்கு சார்?"

"தெரியாத மாதிரி கேக்காத. நாளைக்கு அந்த ஓனர் மேல்மாடி வீடுகளைக் காட்டுறார். வாங்குறவங்க குடும்பத்தோட வராங்க. லிப்ட் ஓடணும். ஒரே நாள். திங்கக்கிழமை புது ரோப் வந்துரும், நாமே மாட்டிருவோம்."

"குடும்பத்தோடயா?"

"ஏம்மா, அஞ்சு ரோப் இருக்கு. மூணு நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப சரி சார். நாளைக்கு முதல் நடை நீங்க போங்க. உள்ள பத்துப் பேரை ஏத்திக்கிட்டு. வீட்லயும் கூட்டிட்டு வாங்க."

ரேடியோ இருமினான். சிரிப்பை இருமலாக்கும் வித்தை அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை.

"அந்த ஓனருக்கு இந்த ஊர்ல ஆறு கட்டடம்," என்றார் மேற்பார்வையாளர். "ஆறும் நம்ம கைல இருக்கு. உன்னோட கோபத்துக்கு ஆறையும் விட்டுக்குடுக்க முடியாது."

"எனக்கு என்ன சார் கோபம்? எண்ணினேன். முப்பது இருந்துச்சு."

"சாவியைக் குடு."

"குடுக்க மாட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. கெட்டிலின் மூடி துள்ளும் சத்தம் கேட்டது.

"பூட்டை வெட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிற?"

"அரை நிமிஷம்," என்றாள். "வெட்டுங்க. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு படிவம் இருக்கு. மேல போய் நானே பாத்தேன், லிப்ட் ஓடலாம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். போடுங்க. பேனா வேணுமா?"

மேற்பார்வையாளரின் முகம் சுண்டியது. அந்தக் கையெழுத்துத்தான் அவருக்கு வேண்டாம். சாவி வந்துவிட்டால் திறந்தது சுள்ளி என்றாகிவிடும். நாளை ஏதாவது நடந்தால் மாட்டப்போவதும் சுள்ளி. வெட்டினால் அவர். இது அந்த மேசையில் இருந்த நால்வருக்கும் தெரியும்.

அவர் சற்று நேரம் மேசையிலிருந்த இரண்டு பூட்டுகளையும் பார்த்தார். பிறகு சாவகாசத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. அக்கறை வந்தது.

"சரி. ஏட்டுல நீ இன்னும் எழுதலையாமே? காவலாளி சொன்னான். நல்லவேளை. நீ முப்பதுன்னு எழுதினா, மேல இருக்கிறவங்க அடுத்து என்ன கேப்பாங்க? போன மாசம் யாரு பாத்தாங்கன்னு கேப்பாங்க. போன மாசம் நன்றுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஒரு மாசத்துல முப்பது அறாது. எனக்கே தெரியுது, அவங்களுக்குத் தெரியாதா?"

மேற்பார்வையாளர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பொய் எழுதினவனை ஒரு மணி நேரம் வச்சிருப்பாங்களா? முட்டி போன ஆளை வேற எவன் வேலைக்குச் சேப்பான்? ரெண்டு பசங்க படிக்கிறாங்க. நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா? சாவியைக் குடு. திங்கக்கிழமை ரோப்பை மாத்திட்டுத் தேய்மானம்னு மட்டும் எழுதிக்கலாம். எண் வேணாம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

சுள்ளியின் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. துணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். தன் வேலை போகும் என்றால் அவள் அப்போதே எழுந்து போயிருப்பாள். அது தனக்குப் பெரிதில்லை என்று காலையிலிருந்து தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இது வேறு. அவள் எதிர்பார்க்காத இடத்தில் கையை வைத்துவிட்டார்.

மருத்துவமனை நினைவு வந்தது. மகள் கண் விழித்த அன்று போன் செய்தாள். "பிள்ளை சாப்பிட்டுச்சா?" என்றுதான் அவர் கேட்டார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், அவளுடைய வேலையில் நின்றுகொண்டு கேட்டார்.

நாளை அந்த லிப்ட் கூண்டில் ஏறப்போகிறவர்களை அவளுக்குத் தெரியாது. இவரைத் தெரியும்.

"சுள்ளி," என்றார் சாவகாசம்.

அவள் நிமிரவில்லை.

"துணியை வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே."

"வச்சிருக்கியா?"

காலடியில் இருந்த பையிலிருந்து துணியை எடுத்து அவர்முன் போட்டாள். வெள்ளைத் துணி. நடுவில் தாறுமாறாகக் கிழிந்திருந்தது. நூலில் சிக்கிய கம்பித் துணுக்குகள் மின்னின. அவர் கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். போட்டுக்கொண்டார். துணியை வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்புப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"உள்ளயும் போயிருக்கு," என்றார்.

"போயிருக்கு."

"இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் மேற்பார்வையாளர்.

சாவகாசம் தட்டைத் தள்ளி வைத்தார். கருவிப் பையைத் திறந்து வேலைத் தாள்கள் செருகிய அட்டையை எடுத்தார். புதுத் தாள் ஒன்றைப் போட்டார். தேதி எழுதினார். கட்டடத்தின் முகவரியை முழுதாக, அஞ்சல் எண் வரை எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை உலகம் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தது.

"அண்ணே, வேணாம்," என்றாள் சுள்ளி. "நான் பாத்துக்கிறேன்."

"நீ சாப்பிடு."

"அண்ணே..."

"ஆறிப்போச்சு பாரு. சாப்பிடுன்னா."

எழுதிய தாளைக் கையில் எடுத்துச் சத்தமாகப் படித்தார். "கடந்த மாதம் இந்தக் கட்டடத்தின் மோட்டார் அறைக்கு நான் ஏறவில்லை. முட்டி வலியால் ஏணியில் ஏற முடியவில்லை. ரோப்களைப் பார்க்காமல் நன்று என்று எழுதினேன். இன்று பார்த்தவர் எண்ணியது சரி. இந்த லிப்ட் ஓடக்கூடாது. இதை மேற்பார்வையாளர் முன்னிலையில் எழுதுகிறேன்."

கையெழுத்துப் போட்டார். அதிலும் அவசரம் இல்லை.

மேற்பார்வையாளர் தாளைப் பிடுங்கப் பார்த்தார். சாவகாசம் தானே நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கன்னு தெரியுதா உனக்கு?"

"படிச்சுக் காட்டினேனே சார். மறுபடி படிக்கணுமா?"

"கிழிச்சுப் போட்டேன்னா?"

"போடுங்க," என்றான் ரேடியோ. அவன் கையில் போன் இருந்தது. "அண்ணன் படிச்சதை அப்படியே பதிவு பண்ணி நம்ம கம்பெனி ஆளுங்க குரூப்ல போட்டுட்டேன். நாப்பத்தோரு பேர். பாருங்க, அதுக்குள்ள பதினோரு பேர் பாத்தாச்சு. ஸ்டோர் ரூம்காரர் கும்பிடு போட்டிருக்கார்."

"உன்கிட்ட யாருடா கேட்டது?"

"யாரும் கேக்கலையே சார். கேட்டுட்டா நான் பேசுறேன்?"

மேற்பார்வையாளர் எழுந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கிழிக்கவில்லை. "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க. கருவிப் பை வேணாம்."

"மூணு பேர்," என்றான் ரேடியோ.

"உன்னைக் கூப்பிடல."

"பஸ்ல நான் இல்லாம போனா அண்ணனுக்குப் போரடிக்கும் சார்."

கதவு அடித்துக்கொண்டது.

 சுள்ளி பற்றிக்கொண்டாள். மேற்பார்வையாளர்மேல் இல்லை, எதிரே இருந்தவர்மேல்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க? நான் குடுத்துருவேன்னு நினைச்சீங்களா?"

"கை பைக்குள்ள போச்சு."

"போச்சு. எடுத்தேனா?"

"எடுத்திருப்ப," என்றார் அவர். "எனக்காக எடுத்திருப்ப. அப்புறம் நான் உன் மூஞ்சியைப் பாக்க முடியாது. இந்தக் கடைக்கு வர முடியாது. வேற எங்க இவ்வளவு பெரிய முட்டை போடுவாங்க?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினாள். அவர் சொன்னது உண்மை. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"ஏறாம எழுதினது தப்பு," என்று அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார். "ஏணிக்குக் கீழ நின்னேன். ரெண்டு படி ஏறினேன். இறங்கிட்டேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு நினைச்சேன். போன மாசமே இருபத்தஞ்சு இருந்திருக்கும். ஜனங்க ஏறி இறங்கிட்டு இருந்திருக்காங்க."

"என்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேனே."

"சொல்லியிருக்கணும்."

ரேடியோ வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். அவன் வாழ்நாளில் அது நடந்த நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அக்கா தானாகவே வந்தாள். சுள்ளியின் ஆறிய தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சூடாக வேறு தட்டு வந்தது. யாரும் கேட்டிருக்கவில்லை. "கேட்டுட்டு இருந்தேன்," என்றாள். "அந்த ஆளு நாலு வருஷமா வர்றான், ஒரு டீ குடிச்சதில்ல." அவ்வளவுதான் அவள் தீர்ப்பு.

கதவு மறுபடி திறந்தது. மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"வண்டியை எடுங்க. என் காரைத் திருப்ப விடாம குறுக்க நிக்குது."

கம்பெனி வேனை ஓட்டி வந்தவன் ரேடியோ. அவன் பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டான். சுள்ளி அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சாப்பிட்டுட்டு இருக்கோம் சார்," என்றாள்.

"அஞ்சு நிமிஷ வேலை."

"அண்ணன் இப்பத்தான் ரெண்டாவது முட்டையை ஆரம்பிச்சிருக்கார்."

சாவகாசம் அப்படி ஒன்றும் ஆரம்பித்திருக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "அக்கா, இன்னொரு முட்டை," என்றார்.

"ரெண்டு பக்கமும் வேகணுமா?"

"நல்லா வேகட்டும்."

மேற்பார்வையாளர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வெளியே போனார். ஜன்னலுக்கு அப்பால், காருக்கும் வேனுக்கும் நடுவில் நின்றுகொண்டு போனை எடுத்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணாடி வழியே குரல் வந்தது. ரேடியோ ரொட்டி மெல்லுவதை நிறுத்தினான்.

"இல்லீங்க... நாளைக்கு ஓடாது... புரியுதுங்க... இல்லீங்க, யாராலும் முடியாது. படி இருக்கு. படியிலதான் ஏறணும்."

எதிர்முனையில் நீளமாக ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

சுள்ளி ஓர் உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டாள். சுட்டது. துப்பவில்லை. காலையிலிருந்து இப்போதுதான் பசித்தது.

"நாளைக்கு ஆபீஸ்ல என்ன சொல்லப் போறோம்?" என்று கேட்டான் ரேடியோ.

"முப்பதுன்னு சொல்வோம்," என்றாள். "அதுக்கு மேல அவங்க பேசட்டும்."

முட்டை வந்தது. சாவகாசம் மிளகுத்தூள் டப்பாவை எடுத்தார். ஓரத்திலிருந்து தொடங்கினார். அவரை அவசரப்படுத்த அந்த மேசையில் யாருக்கும் மனமில்லை.